விருந்தும் மருந்தும் மூன்று நாள்

ஞானசிகாமணியின் வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் சில குடும்பங்கள் குடியேறியிருந்தன. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் வாடகைக்கு வீடு கிடைப்பது அவ்வளவு லேசு இல்லை. பல்லில் ஒரு குழி இருந்தது. குழிக்குள் இருட்டும் ஈரமும் இனிப்பும் இருந்தன. ஒரு குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்?

இனிப்புக்குக் காரணம் தொழில். ஞானசிகாமணிக்குக் கருப்பட்டி மண்டி. உடன்குடிப் பக்கமிருந்து ஓலைப் பெட்டிகள் வந்து இறங்கும். பெட்டிக்கு ஒரு வட்டுக் கருப்பட்டி எடுத்து, வலது கடைவாயில் வைத்து ஒரு கடி கடிப்பார். சீனி கலந்திருந்தால் நறநற என்று உதிரும். அசலாக இருந்தால் பல்லைப் பிடித்துக்கொண்டு நின்று மெதுவாகக் கரையும். ஊர் அந்தப் பல்லை நம்பியது. "சிகாமணி அண்ணாச்சி கடிச்சிட்டாவளா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள்.

குடிவந்தவர்களுக்குத் தலைவி முத்துப்பேச்சி. நடுவயசு, வாட்டசாட்டமான பொம்பளை. வந்த அன்று காலையில் ஈறின் ஓரம்வரை வந்து நின்று கும்பிட்டாள்.

"அண்ணாச்சி, நாங்க ஒரு ஓரமா இருந்துக்கிடுதோம்."

ஞானசிகாமணியின் வாய் நிறையப் பேஸ்ட் நுரை. "ம்" என்றார். அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

அவர் மனைவி எப்சிபாய்க்கு இது பிடிக்கவில்லை.

"யாரு எவருன்னு கேக்காம குடி வச்சிருக்கிய."

"பாவம், இருந்துட்டுப் போகட்டும்."

"இடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்குவாவ. பாத்துக்கிடுங்க."

அவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் சுபாவம் அப்படி. தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிற மனுஷன்.

முத்துப்பேச்சியின் ஆட்கள் சோம்பேறிகள் இல்லை. கடித்த கருப்பட்டி கரைந்து வரும்போதெல்லாம் பிடித்துவைத்துப் பாகு காய்ச்சினார்கள். பாகை மேலே இழுத்துக் கூரை போட்டார்கள். ஓடும் இல்லை, ஓலையும் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் படியுமே, அதுபோல ஒரு வழுவழுப்பு. பிரஷ் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போனது. நாக்கால் தடவினால் சுகமாகக்கூட இருந்தது.

கூரை முடிந்ததும் கிணறு வெட்ட ஆரம்பித்தார்கள். பல்லின் வேருக்குள் வெட்டினார்கள்.

வலி முதலில் தாடையில் இருந்தது. பிறகு காதில் ஏறியது. பிறகு மண்டிச் சுவரில் ஏறியது. காலண்டர் கழன்று விழுந்தது. தராசின் ஒரு தட்டு மட்டும் தாழ்ந்து அப்படியே நின்றது. ஞானசிகாமணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மெடிக்கல் கடைக்குப் போனார்.

பல் டாக்டரிடம் அல்ல. பல்லைக் காட்டப் போனால் பிடுங்கிவிடுவார்கள் என்று நமக்கெல்லாம் ஒரு ஞானம் உண்டல்லவா? மெடிக்கல் கடை செல்வின் எதையும் பிடுங்க மாட்டான். அவனிடம் கன்னத்தைக் காட்டினால் போதும்.

"செட்டு போட்டுரட்டா அண்ணாச்சி?"

"போடு."

கத்தரிக்கோலால் அட்டைகளை வெட்டி ஒரு சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தான். அதுதான் செட்டு. ஒரு வேளைக்கு மூன்று உருப்படி. ஒன்று வலிக்கு. ஒன்று வயிற்றைக் கெடுக்காமல் இருக்க. மூன்றாவது கேப்சூல். சிவப்புத் தொப்பி, மஞ்சள் உடுப்பு. அவர்தான் இன்ஸ்பெக்டர்.

இன்ஸ்பெக்டர் கவரிலிருந்து இறங்கி, பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு வாய்த் தண்ணீரோடு உள்ளே போனார். நல்ல கறாரான அதிகாரி. காலையும் மாலையும் ரோந்து வந்தார். வாசலில் திரிந்தவர்களையெல்லாம் பிடித்து வெளியே தள்ளினார். பெட்டி படுக்கைகள் வந்து விழுந்தன. ஞானசிகாமணி அவற்றைத் துப்பினார்.

மூன்றாம் நாள் வலி இல்லை. தராசுத் தட்டு மேலே வந்துவிட்டது. ஞானசிகாமணி இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்.

"போதும் சார். நீங்க கிளம்புங்க."

"உள்ள இன்னும் ஆள் இருக்கு."

"வலி இல்லயே."

"வலி வேற, ஆள் வேற. கூரைக்கு அடியில கொஞ்சப் பேரு தூங்குதாவ. தூங்குதவங்களப் பிடிக்க எனக்கு உத்தரவு கிடையாது. எந்திரிச்சு வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கேன். இன்னும் ரெண்டு நாள் குடுங்க."

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான் சார். பெரியவங்க சும்மாவா சொல்லிருக்காவ?"

இன்ஸ்பெக்டருக்குப் பழமொழியை எதிர்த்துப் பேசப் பயிற்சி கொடுக்கப்படவில்லை. சல்யூட் அடித்துவிட்டுக் கவருக்குள் போனார். ஞானசிகாமணி கவரை மடித்து, அடுக்களையில் தேயிலை டப்பாவுக்குப் பின்னால் வைத்தார்.

பிறகு எப்சிபாய்க்கு ஜலதோஷம் பிடித்தது. சாதாரண ஜலதோஷம். மூக்கைச் சிந்தினால் போய்விடும்.

"இந்தா, இதப் போட்டுக்கோ. வீணாப் போகுதுல்லா."

"இது பல்லுக்கு உள்ளதுல்லா?"

"எல்லாம் ஒரே உடம்புதான் எப்சி."

இன்ஸ்பெக்டர் எப்சிபாயின் வாய்க்குள் போய்ப் பார்த்தார். பிடிக்க வேண்டிய ஆள் யாரும் இல்லை. நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவைத்துக்கொண்டார்கள். கறார் என்று நினைத்த ஆளிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது என்றும் படித்துக்கொண்டார்கள்.

ஞானசிகாமணிக்கு மறுபடி வலி வந்தது. கூரைக்கு அடியில் தூங்கியவர்கள் எழுந்து, பிள்ளைகுட்டி பெற்று, கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபடி செட்டு வாங்கினார். இன்ஸ்பெக்டர் மறுபடி உள்ளே போனார். இந்தத் தடவை ஒருவரும் வந்து விழவில்லை. தராசுத் தட்டு தாழ்ந்தபடியே இருந்தது. என்னதான் நடக்கிறது, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஞானசிகாமணி கிளம்பினார்.

செல்வின் கடைக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அது ஒரு காம்பவுண்டுச் சுவரில் முட்டி நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. ஞானசிகாமணி நடக்க நடக்கச் சந்தும் கூடவே நடந்தது. தரை மெத்தென்று ஆனது. பிறகு ஈரமானது. தலைக்கு மேலே வரிவரியாக ஒரு சிவப்புக் கூரை வந்தது. அது தன்னுடைய அண்ணம் என்று அவருக்குத் தெரிந்தது. தன் வாய்தானே என்று செருப்போடு போக முடியுமா? கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கடைவாய்ப் பல்லின் வாசலில் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில் இருந்தது. கையில் தம்ளர் இருந்தது. முத்துப்பேச்சி பக்கத்தில் நின்று இரண்டாவது தம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன சார் இது?"

"கருப்பட்டிக் காப்பி."

"அது தெரியுது. வேல?"

"முடிச்சிருவோம்." இன்ஸ்பெக்டர் ஒரு மடக்குக் குடித்தார். "சுக்கு தட்டிப் போட்டிருக்காவ. நெஞ்சுக்கு இதமா இருக்கு."

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்றாள் முத்துப்பேச்சி. "உங்க கருப்பட்டிதான். நீங்க கடிச்சது."

சரக்கைப் பாராட்டினால் வியாபாரிக்குக் கோபம் வராது. வந்த காரியத்தை மறந்துவிட்டு ஞானசிகாமணியும் ஒரு தம்ளர் குடித்தார். அவர் மனசு நோகக் கூடாதென்று இன்ஸ்பெக்டரும் வாசலில் திரிந்த நாலு நோஞ்சான்களை மட்டும் பிடித்து வெளியே விட்டார். வலி கொஞ்சம் தணிந்தது. மூன்றாம் நாள் ஞானசிகாமணி கவரை மடித்துத் தேயிலை டப்பாவுக்குப் பின்னால் வைத்தார்.

மூன்றாம் தடவை வலி வந்தபோது செட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கவருக்குத் திரும்பாமல் உள்ளேயேதான் இருந்தார். முத்துப்பேச்சியின் மூத்த மகளுக்கும் அவருக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முத்துப்பேச்சி வந்து வெற்றிலை வைத்து முறையாக அழைத்தாள். அழைத்த வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது. ஞானசிகாமணி சந்து வழியாகப் போனார். எப்சிபாய் வரவில்லை.

"நான் வரல. எனக்கு அவியளக் கண்டாலே ஆகாது" என்றாள்.

கல்யாணம் பிரமாதம். பந்தல் பல்லை விட்டு வெளியே வந்து ஈறுவரைக்கும் போட்டிருந்தது. மாப்பிள்ளை தொப்பியோடு மாலை போட்டிருந்தார். சாப்பாட்டில் பாயசம் தூக்கலாக இருந்தது. போகிறவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பை கொடுத்தார்கள். சொந்தக்காரர்களுக்கு மட்டும் இல்லை. யாரோ எவரோ, சும்மா வழியில் போனவர்கள், வேறு சாதி, வேறு வாய், எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஞானசிகாமணி தன் பையைத் திறந்து பார்த்தார். தேங்காய் இல்லை. இன்ஸ்பெக்டருக்குப் பிடித்தமாதிரி காப்பி போடும் பக்குவம் மட்டும் இருந்தது. எவ்வளவு சுக்கு, எவ்வளவு கொதி, எந்தச் சூட்டில் கொடுத்தால் தொப்பியைக் கழற்றுவார் என்பதெல்லாம் விவரமாக இருந்தது.

"என் மகன் குடும்பம் தனிக்குடித்தனம் போகுதாவ" என்றாள் முத்துப்பேச்சி.

"எங்க?"

"பக்கத்துலதான் அண்ணாச்சி. மதினி வாயில."

அப்போதுதான் ஞானசிகாமணிக்குக் கரண்டி நினைவுக்கு வந்தது. காலையில் அவர் ருசி பார்த்த கரண்டியால்தான் எப்சிபாயும் குழம்பு ருசி பார்த்தாள். கரண்டியின் மேல் சாமான் சட்டிகளோடு வரிசையாகப் போகிறவர்களை இப்போது தூரத்தில் பார்த்தார். சத்தம் போட்டார். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

எப்சிபாய்க்குச் சர்க்கரை வியாதி. அவள் ஈறு இளகிய மண். கிணறு வெட்ட அவர்களுக்கு நேரமே ஆகவில்லை. முதலில் கன்னம் வீங்கியது. பிறகு தாடைக்குக் கீழே வீங்கியது. வீடு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. பாத்திரங்கள் எல்லாம் உருண்டு வலது சுவரோரம் சேர்ந்தன. எப்சிபாய் எச்சில் விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சொன்னிய, இருந்துட்டுப் போகட்டும்னு" என்றாள். குரல் தொண்டைக்குள்ளேயே நின்றது.

ஞானசிகாமணி அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. பிறகு தேயிலை டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டார். கவரில் கடைசியாக ஒரு கேப்சூல் இருந்தது. கல்யாணம் முடிந்து கவருக்குத் திரும்பியிருந்த இன்ஸ்பெக்டர் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து உட்கார்ந்தார். கழுத்தில் கல்யாண மாலை அப்படியே இருந்தது.

"சார், சீக்கிரம் போங்க. எப்சிக்கு மூச்சு வாங்குது."

இன்ஸ்பெக்டர் எப்சிபாயின் வாய்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அண்ணாச்சி, அது என் மச்சினன் வீடு."

"இருந்தா என்ன?"

"அந்த வீட்டுல கை நனச்சிருக்கேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணச் சொல்லுதியளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் போகவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் பெயர் ஹெலன். அவர் கையில் சின்ன மண்வெட்டி வைத்திருந்தார். அவர் இருந்த அறைக்கு ஒரு நீளமான தாழ்வார நடை. எப்சிபாயைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளத் தள்ள நடை நீண்டுகொண்டே போனது. டாக்டர் அந்தப் பக்கமிருந்து நடந்து வந்ததால் ஒருவழியாக நடுவில் சந்தித்தார்கள்.

"யாருக்கு முதல்ல வந்துச்சு?"

"எனக்கு."

"மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டீங்க?"

"வலி நிக்கிறவரைக்கும்."

"வலி நின்னது உங்களுக்கு. உள்ள இருக்கிறவங்களுக்கு?"

டாக்டர் ஞானசிகாமணியின் வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைப் பிடுங்கித் தட்டில் போட்டார். கூரை பளபளவென்று இருந்தது. டாக்டர் மண்வெட்டியால் தட்டி உடைத்துப் பார்த்தார். உள்ளே யாரும் இல்லை. வீடு பூட்டிக் கிடந்தது. எல்லாரும் எப்சிபாயின் தாடைக்குப் போய்விட்டிருந்தார்கள். ஊர் நம்பிய பல் தட்டில் ஒரு கூழாங்கல்போலக் கிடந்தது.

"கழுத்துக்கு இறங்கிட்டா மூச்சுக்கு வழி இருக்காது" என்றார் டாக்டர். "கூரைய நான் கையால வெட்டி எடுக்கணும். மருந்து அதுக்குள்ள தானா இறங்காது. வெட்டின கையோட ஆள் உள்ள போகணும். திரும்பக் கூரை போட விடக் கூடாது."

"இன்ஸ்பெக்டர் போக மாட்டேங்காரு."

"தெரியும். அவரு கல்யாணத்துக்கு ஊரே போய்த் தாம்பூலப் பை வாங்கியிருக்கு. இப்ப எந்த வாய்க்கு அனுப்பினாலும் அவருக்குக் காப்பி ரெடியா இருக்கு. வேற ஒருத்தர் இருக்காரு. அவரக் கூப்பிடுவோம்."

டாக்டர் வெட்டினார். கெட்டது எல்லாம் வடிந்தது. எப்சிபாய் ஞானசிகாமணியின் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்த இடத்தை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வலிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வேறு ஒருத்தர் பாட்டிலில் இருந்து குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கி வந்தார். முழு வெள்ளை உடுப்பு. ஒல்லியான ஆள். அவர் எந்த மெடிக்கல் கடையிலும் வேலை பார்த்ததில்லை. எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. உள்ளே போகும் முன் ஞானசிகாமணியிடம் வந்து நின்றார்.

"எனக்குப் பின்னால அனுப்ப ஆள் கிடையாது. தெரியும்லா?"

"டாக்டர் சொன்னாவ."

"பாதியில போகச் சொல்ல மாட்டியளே?"

"மாட்டேன். சத்தியமா மாட்டேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுதாவ" என்று சொல்லிவிட்டு வெள்ளை உடுப்புக்காரர் உள்ளே போனார்.

முதல் நாள் எப்சிபாய் கண் திறக்கவில்லை. இரண்டாம் நாள் வீக்கம் ஒரு விரல்கடை இறங்கியது. ஞானசிகாமணி கட்டிலை விட்டு நகரவில்லை. முத்துப்பேச்சியின் ஆட்கள் பெட்டி படுக்கையோடு வார்டு வராந்தாவில் குவியத் தொடங்கினார்கள். சிலர் போனார்கள். சிலர் தூண் ஓரமாகச் சுருண்டு படுத்துத் தூங்கினார்கள். தூங்குகிறவர்களை அவர் எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் வேறாக வந்தது.

மூன்றாம் நாள் காலையில் எப்சிபாய் கண்ணைத் திறந்தாள். முகம் பழைய முகமாகிக்கொண்டிருந்தது. எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். விழுங்க முடிந்தது.

"ஏங்க, வலி இல்ல. வீட்டுக்குப் போவமா?"

மின்விசிறி நின்றது. வெள்ளை உடுப்புக்காரர் எப்சிபாயின் வாய் ஓரத்துக்கு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஞானசிகாமணியைப் பார்த்தார். வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். பழமொழி ஞானசிகாமணியின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவர் அதைக் கருப்பட்டிபோலக் கடிக்கப் பார்த்தார். கடிக்கப் பல் இல்லை.

அவர் அதை விழுங்கிவிட்டார்.

"இரு எப்சி. இன்னும் இருக்கு."

வெள்ளை உடுப்புக்காரர் தலையை அசைத்தார். அதே நேரத்தில் முத்துப்பேச்சி தம்ளரோடு உள்ளே வந்தாள். ஆவி பறந்தது. சுக்கு மணம் வார்டு முழுக்கப் பரவியது.

"பாவம், புது ஆளு. விடிஞ்சதுலேருந்து ஒண்ணும் குடிக்காம நிக்காவ. ஒரு வாய் காப்பி."

வெள்ளை உடுப்புக்காரர் தம்ளரைப் பார்த்தார். ரொம்ப நேரம் நின்று வேலை பார்த்த மனுஷன். தொண்டை வறண்டிருந்தது. அவர் கை லேசாக நீண்டது.

ஞானசிகாமணி எழுந்து குறுக்கே போனார். தம்ளரை வாங்கி ஒரே மடக்கில் தானே குடித்துவிட்டார். பல் இருந்த குழி வெந்தது. அசல் கருப்பட்டி. துளி சீனி கலப்பு இல்லை. கடிக்காமலே தெரிந்தது.

முத்துப்பேச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாள். வராந்தாவில் தூங்கியவர்கள் எழுந்து வரிசையாக நின்றார்கள். வரிசை நடை முழுக்க நீண்டு, நடை முடிந்த இடத்திலிருந்து வெளியே தெருவுக்கும் போயிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு தம்ளர் இருந்தது.

"வயித்துக்கு ஆகாதுங்க" என்றாள் எப்சிபாய்.

"பரவால்ல. நீ படு."

அவர் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த தம்ளருக்குக் கையை நீட்டினார்.